ராவுத்தர் பள்ளிக்குப் போன பால்

காளிச்சாமி வீட்டுச் செவலைப் பசுவுக்கு மடிநோய் வந்தது பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு. நான்கு காம்பில் இரண்டு கல்லாக இறுகிவிட்டன. கை வைத்தால் உதைக்கிறது. பீய்ச்சினால் முதலில் மஞ்சளாகத் தண்ணீர், அப்புறம் திரிதிரியாகக் கட்டி, கடைசியில் ரத்தம். சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. ஆனால் நாற்றத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வெள்ளிங்கிரி. பாலக்காடு ஜில்லாவில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். பால்கேன் ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறேன். விடியுமுன் ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கேன்களை ஏற்றிச் சொசைட்டியில் இறக்க வேண்டும், காலிக் கேன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி அதே வேலை. யார் வீட்டுப் பாலில் எத்தனை செம்பு தண்ணீர் என்பது கேனைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்க மாட்டேன். அதனால்தான் பத்தொன்பது வருஷமாகத் தொழில் ஓடுகிறது என்று பெருமை வேறு. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மிருகாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டார். "பத்து நாளைக்கு இந்தப் பாலை மனுசன் வாயில வைக்கக் கூடாது, கன்னுக்கும் உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபோது காளிச்சாமி, அவர் சம்சாரம் கருப்பாத்தாள், மருமகள் செல்வப்பிரியா, நான், நாலு பேரும் மாடு கட்டும் கட்டுத்தரையில் நின்றிருந்தோம். செல்வப்பிரியா சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற பெண். வருகிற கேனையெல்லாம் திறந்து, முகர்ந்து, மெஷினில் வைத்துப் பார்த்து ஊற்றிக்கொள்வது அவள் வேலை. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். வந்து நாலு வருஷம் ஆகிறது. அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

காளிச்சாமி வீட்டுக்கும் ராவுத்தர் தெருப் பள்ளிவாசலுக்கும் ஒரு பழைய பந்தம். ரஜபு மாதம் இருபத்தேழாம் இரவை மிஃராஜ் இரவு என்பார்கள். நபிகள் நாயகம் ஒரே இரவில் மக்காவிலிருந்து ஜெருசலேமிலுள்ள பைத்துல் முகத்தஸ் போய், அங்கிருந்து ஏழு வானங்களையும் கடந்து இறைவனின் சந்நிதிவரை சென்று திரும்பிய இரவு. மறுநாள் எங்கள் பக்கத்து ராவுத்தர்கள் பலர் நோன்பு வைப்பார்கள். அன்று மாலை நோன்பு திறக்க ஆளுக்கொரு தம்ளர் காய்ச்சிய பால் கொடுப்பது இந்தப் பள்ளியின் வழக்கம். அந்தப் பாலில் இருபது லிட்டர் காளிச்சாமி வீட்டிலிருந்து போகும்.

அதைத் தொடங்கி வைத்தவர் காளிச்சாமியின் அப்பா நஞ்சப்பன். சந்தைக்கு மாடு ஓட்டிப் போகையில் ராவுத்தர் ஒருவர் இந்தக் கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்தில் நாயகத்தின் முன்னால் இரண்டு பாத்திரங்கள் நீட்டப்பட்டனவாம், ஒன்றில் மது, ஒன்றில் பால். அவர் பாலை எடுத்துக்கொண்டாராம். நஞ்சப்பன் இதைக் கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை என் அப்பா நடித்தே காட்டுவார்: "வானத்துக்குப் போனவருக்கே பாலத்தானுங்க நீட்டியிருக்கறாங்க! மாடு மேய்க்கறவனுக்கு இதுக்கு மேல என்ன மருவாதி வேணும்?" அந்த வருஷமே கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பால் கொடுத்தவருக்கு ஒரு தம்ளர் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். நஞ்சப்பனுக்குப் பிறகு காளிச்சாமி அதைக் குடித்து வந்தார்.

இந்த வருஷம் மாட்டுப்பொங்கலன்று, எங்கள் வழக்கில் பட்டிப்பொங்கலன்று, இரவுதான் மிஃராஜ். பட்டிப்பொங்கலன்று கறக்கிற பாலை நாங்கள் வீட்டுக்கு ஒரு சொட்டும் எடுப்பதில்லை, சொசைட்டிக்கும் ஊற்றுவதில்லை, எல்லாம் மாடுகளைக் காக்கும் சாமி இருக்கிற மாலகோயிலுக்குத்தான். காலையில் கேன்களை ஏற்றிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கிவிட்டு வந்தேன். சாயங்காலம் கட்டுத்தரைகளில் பொங்கல் வைத்து, மாட்டுக்கு ஊட்டி, கொம்புக்குச் சாயம் பூசி முடித்தபோது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. தை மாதம் அப்படித்தான் அடிக்கும், உதடு வெடித்துவிடும். அந்தக் காற்றில் பள்ளி ஒலிபெருக்கியிலிருந்து, தொழுகை நடத்தும் உஸ்தாதின் பேச்சு விட்டுவிட்டு வந்தது. ஐம்பது வேளைத் தொழுகை கடமையானதும், மூசா நபி திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பி, நாயகம் இறைவனிடம் போய்க் கேட்டுக் குறைத்து, ஐந்தானதும் வந்தது. அதற்கு முன்னால், நல்ல கறி ஒரு பக்கம் இருக்க அழுகிய கறியை அள்ளித் தின்றுகொண்டிருந்த ஒரு கூட்டத்தை நாயகம் அங்கே கண்டார் என்றும் வந்தது. அதைக் கேட்டதும் கையிலிருந்த பொங்கல் உருண்டையைக் கன்றுக்குட்டிக்கு ஊட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, அதாவது நோன்பு நாள், காளிச்சாமியின் இருபது லிட்டர் கேனைச் சொசைட்டியில் இறக்கினேன். அவரும் பின்னாலேயே மொபெட்டில் வந்துவிட்டார். அதுவே புதுசு. செல்வப்பிரியா மூடியைத் திறந்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதில் சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"மாமா, செவலப் பாலையும் சேத்துட்டீங்களாங்?"

"மூணு மாட்டுப் பாலுந்தான். கலந்தப்பறம் செவல என்ன, கருப்பி என்ன? மெஷின்ல வெய்யி, கொழுப்பு நல்லாவே காட்டும்."

"மெஷின்ல வைக்கத் தேவையில்லீங். டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தான நின்னீங்க."

"அம்மிணி, பொறத்தால ஆளுக நிக்கறாங்க. ஊட்டுப் பேச்ச ஊட்டுல வெச்சுக்கலாம். ஊத்திக்க."

"ஊத்த முடியாதுங் மாமா."

வரிசையில் நின்ற ஒருவன் இருமினான். இன்னொருவன் சிரிப்பை அடக்கினான். காளிச்சாமியின் காது சிவந்துபோனது. மருமகள் மாமனாரின் கேனைத் திருப்பி அனுப்பியது எங்கள் சொசைட்டியில் அதுவரை நடக்காத காரியம். கேனை மறுபடி என் ஆட்டோவில் ஏற்றினார். அவர் வீட்டில் இறக்கிக் கொடுத்தேன். கொட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் பண்ணினார். "வெள்ளிங்கிரி, பள்ளிக்குக் கேனக் கொண்டுபோய்க் குடுத்துரு. எனக்குக் காலு நோவுது, நான் வரல."

போனேன். கேன் தயாராக இருந்தது. அதே கேன். நாலு மணிக்குச் சாயங்காலக் கறவை ஆரம்பித்திருக்கவே முடியாது. கருப்பாத்தாள் சாணக் கூடையோடு நின்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர், அந்தத் தம்ளருக்காகவே காத்திருக்கிறவர், இன்றைக்குக் கால் நோவென்று கட்டிலில் கிடக்கிறார். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பேசாமல் ஏற்றிக்கொண்டு போய், கேட்டவர்களிடம் அவருக்குக் கால் நோவென்று சொல்லி, பள்ளியில் இறக்கிவிட்டு வந்தேன்.

சொசைட்டிக்குத் திரும்பியபோது ஐந்தரை இருக்கும். செல்வப்பிரியா வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் போன்.

"வெள்ளிங்கிரிண்ணா, பள்ளிக் கேன எறக்கிட்டீங்களா?"

"எறக்கியாச்சு அம்மிணி."

"காலைல நான் திருப்பி அனுப்புன பாலுங் அது! அத்தை இப்பத்தான் போன்ல சொல்லி அழுவறாங்க."

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது புரிந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை.

"நேத்து மாலகோயிலுக்குக் கறக்கையில, செவலயத் தனியாக் கறந்து தென்னைக்கு ஊத்தச் சொன்னாராமுங்க மாமா. சாமிக்கு ஆகாதுன்னு அவுருக்கே தெரிஞ்சிருக்குதுங். இன்னைக்குக் கலந்து, சொசைட்டிக்கு ஆகலைன்னதும் பள்ளிக்குத் தள்ளி உட்டுட்டாருங்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே உடம்பு கூசியது. தெரியாமல் செய்தால் ஒரு மாதிரி. முந்தின நாள் தனியாகக் கறக்கச் சொன்ன அதே வாய்தான் இன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது.

அதற்குள் அவள் புருஷன் பிரதீப் பைக்கில் வந்து சேர்ந்தான். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, யூனிபாரத்தோடு நின்றான். அவனுக்கும் அம்மா போன் பண்ணியிருக்கிறாள்.

"பிரியா, நீ எங்கயும் போக வேண்டாம். அவுங்க காச்சித்தான குடுக்கறாங்க? காச்சுனா கிருமியெல்லாம் செத்துப் போயிரும்."

"செத்த சீழுன்னா நீங்க குடிப்பீங்களா?"

"அப்பன் மானம் போயிரும்."

"காத்தால இருந்து பச்சத் தண்ணி குடிக்காம இருக்கறவங்கங்க. அவுங்க வாயில மொதல்ல போறது இதா?"

"போய்ச் சொன்னாலும் பள்ளில நம்ப மாட்டாங்க. நம்ம பாலு அங்க போகக் கூடாதுன்னு மாந்தோப்புப் பூபதிராஜா ஆளுக ரெண்டு வருசமாச் சொல்லிட்டுத் திரியறாங்க. அவுங்க பேச்சக் கேட்டுட்டு நீ பொய் சொல்ல வந்திருக்கறேன்னுதான் நெனப்பாங்க. இங்கயும் கெட்ட பேரு, அங்கயும் கெட்ட பேரு. அப்பன் உன்ன ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாரு, சொல்லிட்டேன்."

"செரிங்" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள். "அண்ணா, ஓட்டுங்க."

ஆறு இருபதுக்கு, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு. வழியில் மாந்தோப்புக்கு மருந்தடிக்கிறவர்களின் டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். பள்ளியின் பக்கவாட்டுச் சமையல் கொட்டகைக்கு நாங்கள் போனபோது ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பெரிய அண்டாவில் எல்லா வீட்டுப் பாலும் ஒன்றாகச் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை எனக்கு அடித்தது. பக்கத்தில் நோன்புக் கஞ்சிப் பாத்திரம். தம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மீராசா ராவுத்தர் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். எழுபது வயசு. நஞ்சப்பனுக்குக் கதை சொன்னவரின் மகன்.

"யாரு, காளிச்சாமி மருமகளா? வாம்மா. மாமனாருக்குக் கால் எப்படி இருக்கு?"

"அய்யா, இந்தப் பாலக் குடுக்காதீங்க."

அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். மாடு, மடிநோய், ஊசி, காலையில் திருப்பி அனுப்பியது, எல்லாம். ராவுத்தரின் கை நின்றது. முகம் மாறியது.

"இது நாப்பது வருஷத்துப் பாலும்மா. யாரு சொல்லி இங்க வந்தே நீ?"

"யாரும் சொல்லலீங்க."

"காளிச்சாமி அப்படிச் செய்ய மாட்டான். எனக்குத் தெரியாதா அவனை? போம்மா, பாங்கு சொல்லப் போறாங்க."

பிரதீப் சொன்னது அப்படியே நடந்தது. நான் அப்போது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கேனை இறக்கியவனே நான்தான். பேசவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை, அண்டாவுக்கும் தம்ளர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். சத்தம் கேட்டு உஸ்தாது வந்தார். முந்தின இரவு ஒலிபெருக்கியில் கேட்ட குரல். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"நீ கண்ணால பார்த்தியாம்மா?"

"காலைல நாந்தானுங்க திருப்பி அனுப்பினேன்."

"போதும். அடுப்பை அணைங்க."

"உஸ்தாதே, இது..." என்றார் ராவுத்தர்.

"மாமனாரைப் பத்திப் பொய் சொல்றதுக்கு ஒரு மருமக இவ்வளவு தூரம் வர மாட்டா. நாயகம் அந்தப் பயணம் போய் வந்ததைச் சொல்லக் கிளம்புனப்பவே, 'சொல்லாதீங்க, பொய்யின்னு ஏசுவாங்க'ன்னு அவங்க பெரியப்பா மக உம்மு ஹானியம்மா துணியைப் புடிச்சுத் தடுத்தாங்க. இந்தப் பொண்ணையும் யாராவது தடுத்துத்தான் இருப்பாங்க."

ராவுத்தர் துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். அதில் நூல்நூலாக ஏதோ தொங்கியது. "ஏடுன்னு நெனச்சேனே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தவர் அழுதுகொண்டிருந்தார். "இந்த வருஷம் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. வெறுங்கையோட வந்திருந்தாலும் மொதத் தம்ளரை அவனுக்குத்தானே குடுத்திருப்பேன்."

உஸ்தாது கூட்டத்திடம், பால் திரிந்துவிட்டது, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் போதும் என்று மட்டும் சொன்னார். எங்களிடம் தனியாக வந்து, "இது நமக்குள்ள இருக்கட்டும். வயசான காலத்துல அவருக்கு அவமானம் வேண்டாம்" என்றார். நாலு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பாங்கு ஒலித்தது. நல்ல மனுஷர்கள் செய்த அந்த நல்ல காரியம்தான் அடுத்த அசிங்கத்துக்கு வழி விட்டது.

எட்டு மணிக்குள் எங்கள் ஊர் வாட்ஸாப்பில் வீடியோ வந்துவிட்டது. ரோட்டிலிருந்து எவனோ எடுத்தது. வெள்ளைப் பால் கறுப்புச் சாக்கடையில் ஓடுகிறது. கீழே, 'நாற்பது வருடம் நாம் கொடுத்த பால் இன்று சாக்கடையில்' என்று பூபதிராஜா எழுதியிருந்தான். மாந்தோப்புக்காரன், கையில் எப்போதும் போன். காளிச்சாமி வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் போனார்கள். நானும் போய் வாசலில் நின்று பார்த்தேன். கால் நோவுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என்னத்தச் சொல்றது? எங்கப்பன் காலத்துப் பழக்கம்... அவுங்க மனசு மாறிப்போச்சு" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொய்யைக்கூட நேராகச் சொல்லவில்லை. எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை, வழக்கம்போல. செல்வப்பிரியாவை அவர் வாசலேற விடவில்லை. கருப்பாத்தாள்தான் பின்கதவைத் திறந்து தீவன அறையில் பாய் போட்டுக் கொடுத்தாளாம். பிரதீப் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

விடிந்து ஆறு மணி. சொசைட்டியை ஒட்டிப் பழனிச்சாமியின் டீக்கடை. பால் ஊற்ற வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் கடை முன்னால் நின்றிருந்தோம். பூபதிராஜா டீத் தம்ளரோடு பேசிக்கொண்டிருந்தான். காளிச்சாமி பெஞ்சின் நடுவில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒருவர் டீ சொன்னபோது, "வேண்டாஞ்சாமி, வயிறு மந்தமா இருக்குது" என்றார்.

"இனி ஒரு சொட்டு அங்க போகக் கூடாது" என்றான் பூபதிராஜா. "நம்ம பாலுன்னுதான கொட்டுனாங்க?"

செல்வப்பிரியா சொசைட்டிப் படியில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நாஞ்சொல்லித்தானுங்க கொட்டுனாங்க. அது மடிநோய் மாட்டுப் பாலு. சீழும் ரத்தமும். காலைல இங்க நான் வேண்டாம்னு திருப்பினேன், நீங்க பாதிப்பேரு பாத்துட்டுத்தான நின்னீங்க? அதையே மாமா பள்ளிக்கு அனுப்பிட்டாருங். அவுரு மானம் போகக் கூடாதுன்னு அந்த உஸ்தாது வெளிய சொல்லல."

நம்ப மாட்டார்கள் என்று பிரதீப் சொன்னது இங்கே பொய்த்துப் போயிற்று. எல்லோரும் அந்தக் கணமே நம்பினார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூபதிராஜா ஒரு வாய் டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான்.

"செரி, அனுப்பிட்டாரு. அதுக்கென்ன இப்ப? அவனுகளுக்கு அது போதாதாக்கும்?"

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். உதடு விரிந்தது நிஜம். கையில் எனக்கும் டீ இருந்தது.

"என்ன இருந்தாலும் அம்மிணி, ஊட்டு விசயத்த அங்க போய்ச் சொல்லுவாங்களா ஒருத்தி?" என்றார் இன்னொரு பெரியவர். காளிச்சாமி தலையை மெல்ல ஆட்டினார்.

செல்வப்பிரியா மாமனாரை மட்டும் பார்த்தாள்.

"மாமா, இன்னைக்குக் கேன்ல ரெண்டு மாட்டுப் பாலுதான் வந்திருக்குது. செவலப் பாலு எங்கீங்?"

அவர் துண்டைச் சரிசெய்தார். "கொட்டிட்டேன்."

பாய்லருக்குப் பின்னாலிருந்து பழனிச்சாமி தலையை நீட்டினான். "ஏனுங், கொட்டுனீங்களா? அஞ்சு மணிக்கு ஒரு போசி நெறையா எனக்குக் குடுத்துட்டுப் போனீங்களே, அப்ப அது?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவரவர் தம்ளருக்குள் பார்த்தோம். என்னுடையதில் அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தது. அதன் மேல் மிதந்ததை ஏடு என்று நினைத்துத்தான் அதுவரை ஊதி ஊதிக் குடித்திருக்கிறேன். ஒருவன் வேலியோரம் ஓடிப்போய் விரலை விட்டுக் கக்கினான். பூபதிராஜா வாயிலிருந்ததைத் துப்பினான், மறுபடி துப்பினான், வேட்டி நுனியால் நாக்கைத் துடைத்தான். காளிச்சாமி பக்கம் அவன் திரும்பவே இல்லை. கண்ணில் நீர் முட்ட, படியில் நின்ற செல்வப்பிரியாவைப் பார்த்துக் கத்தினான்.

"ஏ அம்மிணி! இங்கதான நின்னுட்டிருந்தே? இத எங்ககிட்ட மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"